இடம் போதாமல் பிறந்த பெயர்: யூனிக்ஸ் ‘ரூட்’ வட்டு நிரம்பிய வரலாறு



சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் கணினிக்கூடத்தில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு பழைய சர்வர் உண்டு. ஐந்தாம் படிவ மாணவர்களின் இடுபணிக் கோப்புகள் எல்லாம் அதில்தான். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து, யார் கோப்பைச் சேமித்தாலும் ஒரே பதில் வருகிறது: ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. கருவியில் இடம் இல்லையாம். நான் நிர்வாகிக் கணக்கில் நுழைந்து ‘டிஎஃப்’ கட்டளையைக் கொடுத்தேன். ரூட் பகுதி நூறு விழுக்காடு நிரம்பியிருந்தது.

உதவிக்கு இருந்த மாணவன் கெட்டிக்காரன். தேடிப் பிடித்து, 20 ஜிபிக்கு மேல் வளர்ந்திருந்த ஒரு பதிவுக் கோப்பை (அதாங்க, லாக் ஃபைல்) அழித்துவிட்டான். மறுபடியும் ‘டிஎஃப்’. அதே நூறு! ஒரு துளி இடம்கூடத் திரும்பவில்லை. இரண்டு பேரும் முழித்தோம். அப்புறம் அவன் கேட்டான்: “டீச்சர், இந்த யூஎஸ்ஆர் உள்ள 9 ஜிபி இருக்கு. போன வருஷத்து யூசருங்க ஃபைலாத்தான் இருக்கும். அழிச்சிடவா?”

கை விசைப்பலகைக்குப் போவதற்குள் தடுத்துவிட்டேன். தடுத்திருக்காவிட்டால் அந்தச் சர்வர் அடுத்த முறை எழுந்தே இருக்காது. ஆனால் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏன்னா அவன் நினைத்ததில் பாதி உண்மை. ‘யூஎஸ்ஆர்’ என்ற பெயர் ‘யூசர்’ என்பதன் சுருக்கம்தான். ஒரு காலத்தில் அங்கே பயனர்களின் கோப்புகள்தான் இருந்தன. இப்போது அங்கே ஒரு பயனரின் கோப்புகூடக் கிடையாது. இயங்குதளத்தின் நிரல்கள் அத்தனையும் அங்கேதான். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று கேட்டால், அதற்கும் அன்று மாலை எங்களுக்கு வந்த அதே தொல்லைதான் காரணம்: ரூட் வட்டு நிரம்பிப்போனது. நடந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

மாணவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போவோம். விண்டோஸில் சி, டி என்று ஒவ்வொரு வட்டுக்கும் தனி எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யூனிக்ஸ் குடும்பத்தில் அப்படி இல்லை. எல்லாமே ஒரே மரம். அதன் அடி ‘ரூட்’, அதாவது வேர். வேரிலிருந்து அடைவுகள் கிளைகளாகப் பிரியும். இன்னொரு வட்டைப் பொருத்தினால், அது அந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் ஒட்டுப் போட்டதுபோல் இணைக்கப்படும். இந்த இணைப்புக்கு ‘மவுண்ட்’ என்று பெயர். எந்த வட்டில் வேர் இருக்கிறதோ அதுதான் ரூட் பகுதி. இயந்திரம் எழும்போது முதலில் கண்விழிப்பது அங்கேதான். ஆகவே அது நிரம்பினால் மற்றவை நிரம்புவதைவிடப் பெரிய தலைவலி.

இனி 1969-க்குப் போவோம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில் என்ற ஊரில் பெல் ஆய்வுக்கூடம். மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத் திட்டத்திலிருந்து அந்த ஆய்வுக்கூடம் அந்த ஆண்டு விலகிக்கொண்டது. அதில் வேலை செய்துவந்த கென் தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு சிறிய இயங்குதளத்தை எழுத ஆரம்பித்தார். டென்னிஸ் ரிட்சியும் சேர்ந்துகொண்டார். யூனிக்ஸின் பிறப்பு இது. நம் பாட நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, நேரே சி மொழிக்குத் தாவிவிடும். நமக்கு வேண்டிய கதை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

1970-இல் அவர்களுக்குப் புதிதாக ஒரு பிடிபி-11 கிடைத்தது. ‘இயங்குதளம் எழுதப்போகிறோம்’ என்று சொல்லி அதை வாங்கவில்லை. அப்படிக் கேட்டதெல்லாம் முன்பே நிராகரிக்கப்பட்டிருந்தது. ‘ஆவணங்களைத் தட்டச்சு செய்து திருத்தும் முறை ஒன்றை உருவாக்கித் தருகிறோம்’ என்று சொல்லித்தான் வாங்கினார்கள். விலை ஏறக்குறைய 65,000 அமெரிக்க டாலர். கோடை முடிவில் இயந்திரம் வந்துவிட்டது. வட்டு மட்டும் வரவில்லை! அந்த மாதிரி இயந்திரமே புத்தம்புதிது என்பதால் அதற்கேற்ற வட்டு டிசம்பர் வரைக்கும் கிடைக்கவில்லை. அதுவரை அந்த விலையுயர்ந்த கணினி ஒரு மூலையில் உட்கார்ந்து, 6-க்கு 8 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகையில் குதிரை எத்தனை வழிகளில் சுற்றி வரலாம் என்று எண்ணிக்கொண்டிருந்ததாம். மூன்று மாத வேலை அது. ரிட்சியே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

வட்டு ஒருவழியாக வந்தது. அதன் கொள்ளளவு எவ்வளவு தெரியுமா? 512 கிலோபைட். அரை மெகாபைட். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தை அதில் வைக்க முடியாது. நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, 8 பயனரின் நிரலுக்கு.

1971-இன் பிற்பாதியில், சொன்ன வாக்குப்படி, ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவிலிருந்து மூன்று தட்டச்சர்கள் வந்து அந்த இயந்திரத்தில் வேலை செய்யத் தொடங்கினார்கள். நாள் முழுக்கக் காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்வது, திருத்துவது, அச்சு வடிவம் கொடுப்பது. அதே நேரத்தில், அதே இயந்திரத்தில், தாம்சனும் ரிட்சியும் தங்கள் ஆராய்ச்சியையும் செய்துகொண்டிருந்தார்கள். நினைவகப் பாதுகாப்பு கிடையாது. புது நிரலைச் சோதித்தால் இயந்திரமே விழுந்துவிடலாம். அதோடு, தட்டச்சர்கள் சில மணி நேரம் வேலை செய்தால் போதும், வட்டில் இடம் தீர்ந்துவிடும். உடனே எதையாவது எடுத்து டெக்டேப் என்ற காந்த நாடாவுக்கு மாற்றி இடம் உண்டாக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை இப்படி!

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் தோன்றும். ‘வட்டு நிரம்பிவிட்டது, என்ன செய்யலாம்’ என்ற கேள்வி யூனிக்ஸுக்குப் பின்னாளில் வந்த நோய் இல்லை. பிறந்த வீட்டிலேயே கூட வளர்ந்தது. அந்த மூன்று தட்டச்சர்களின் பெயர்களை வரலாற்று நூல்களில் காணோம். ஆனால் உலகத்திலேயே முதன்முதலாக யூனிக்ஸ் வட்டை நிரப்பிக்கொண்டே இருந்த பயனர்கள் அவர்கள்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

காப்புரிமைப் பிரிவுக்கு இந்த வேலை பிடித்துப்போனது. நிர்வாகத்தின் நம்பிக்கையும் வந்தது. கூடுதல் வட்டுகளும் பெரிய இயந்திரமும் சேர்ந்தன. 1974 ஜூலையில் தாம்சனும் ரிட்சியும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் தங்கள் பிடிபி-11/45 இயந்திரத்தின் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள்: 1 மெகாபைட் கொண்ட, தலை நகராத வேகமான வட்டு ஒன்று, 2.5 மெகாபைட் வட்டு இயக்கிகள் நான்கு. 40 மெகாபைட் கொண்ட பெரிய வட்டு இயக்கி ஒன்று. ரூட் எங்கே இருந்தது? அந்த 1 மெகாபைட் வட்டில். வேகம் அதிகம் என்பதால் அங்கே வைத்தார்கள். போதாததற்கு, நினைவகத்தில் கொள்ளாத நிரல்களை அவ்வப்போது இறக்கிவைக்கும் இடமும் அதே வட்டுதான். ஆக வேர் இருந்த வீடு சின்ன வீடு. அதிலும் ஒரு பகுதி வாடகைக்கு!

பயனர்களின் கோப்புகள் பெரிய வட்டில் இருந்தன. அந்த வட்டு, இயந்திரம் எழுந்த பிறகு, ‘யூஎஸ்ஆர்’ என்ற கிளையில் இணைக்கப்படும். யூசர்களின் இடம், அதனால் யூஎஸ்ஆர். பெயரில் எந்த மர்மமும் இல்லை.

இப்போது நிரல்கள் பெருகுகின்றன. நிரல்கள் இருக்கும் அடைவுக்கு ‘பின்’ என்று பெயர். ‘பைனரி’யின் சுருக்கம், தமிழ்ப் ‘பின்’ அல்ல. அது ரூட் வட்டில் இருக்கிறது. அங்கே இடம் போதவில்லை. அடுத்த வட்டிலோ இடம் இருக்கிறது. என்ன செய்வார்கள்? நாம் என்ன செய்வோமோ அதையேதான். அலமாரி நிறைந்தால் பக்கத்து அறையில் அடுக்குவோம் இல்லையா? ‘யூஎஸ்ஆர்’ வட்டுக்குள் இன்னொரு ‘பின்’, இன்னொரு ‘லிப்’ என்று அடைவுகளை உண்டாக்கி, ரூட்டில் கொள்ளாதவற்றை அங்கே வைத்தார்கள். பயனர்களின் வட்டுக்குள் இயங்குதளம் குடியேறிவிட்டது.

இதற்கு ஓர் அழகான தடயம் 1975-இல் வந்த ஆறாம் பதிப்புக் கையேட்டில் உண்டு. ‘ஷெல்’, அதாவது நாம் தட்டும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரல், ஒரு கட்டளையை எப்படித் தேடும் என்று அது சொல்கிறது. முதலில் நீங்கள் தட்டிய பெயரை அப்படியே பார்க்கும். கிடைக்காவிட்டால் அதன் முன்னால் ‘பின்’ அடைவின் பெயரைச் சேர்த்துப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால், அதற்கும் முன்னால் ‘யூஎஸ்ஆர்’ என்பதை ஒட்டி இன்னொரு முறை பார்க்கும். அவ்வளவுதான். முதல் அலமாரியில் இல்லையா, பக்கத்து அறையில் பார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இயந்திரம் எழும்போது ‘யூஎஸ்ஆர்’ வட்டு இன்னும் இணைந்திருக்காது. இணைக்க வேண்டுமானால் ‘மவுண்ட்’ என்ற நிரல் வேண்டும். அந்த ‘மவுண்ட்’ நிரலையே ‘யூஎஸ்ஆர்’ உள்ளே வைத்தால்? வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஆகவே எழுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தேவையான நிரல்கள் மட்டும் ரூட்டில் இருக்க வேண்டும், மற்றவை ‘யூஎஸ்ஆர்’ போகலாம் என்ற நடைமுறை உண்டானது.

ஆசிரியர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். பல குறிப்பேடுகளில் இதைத் தலைகீழாக எழுதுகிறோம்: ‘இன்றியமையாத நிரல்களையும் மற்ற நிரல்களையும் பிரிப்பதற்காகத் திட்டமிட்டு இரண்டு அடைவுகள் அமைக்கப்பட்டன’ என்று. முதலில் வந்தது இட நெருக்கடி. கொள்கை பிற்பாடு வந்தது. அதேபோல் ‘யூஎஸ்ஆர்’ என்றால் ‘யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்’ என்று விரிவு எழுதுகிறார்கள். பயனர்களின் கோப்புகள் அங்கிருந்து வெளியேறிய பிறகு, பெயருக்குப் பொருள் இல்லாமல் போனதால், யாரோ பிற்காலத்தில் பொருத்திக் கொடுத்த விரிவு அது. தேர்வு எழுதும் மாணவர்கள் இரண்டையும் தெரிந்துவைத்திருங்கள்; எது முந்தியது என்பதையும் சேர்த்து எழுதினால் தவறாகாது.

பயனர்களுக்குப் பிறகு தனி இடம் அமைந்தது. இன்று லினக்ஸில் அது ‘ஹோம்’. எங்கள் மாணவர்களின் இடுபணிகள் அங்கேதான் இருந்தன. ‘யூசர்’ என்ற பெயர் ஒட்டியிருந்த வீட்டில் யூசர்கள் இல்லை. அவ்வளவுதான் அந்த மாணவனை ஏமாற்றியது.

அடுத்த கட்டம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். இதற்குள் வட்டுகள் பெரியவை ஆகிவிட்டன. ஒரே வட்டைப் பல பகுதிகளாக வெட்டி, ஒரு பகுதியை ரூட்டுக்கும் மற்றதை ‘யூஎஸ்ஆர்’ முதலியவற்றுக்கும் கொடுப்பது வழக்கமானது. 1980களின் பெர்க்லி யூனிக்ஸில் ரூட் பகுதிக்கு ஏறக்குறைய 8 மெகாபைட்தான். வட்டு எத்தனை நூறு மெகாபைட் இருந்தாலும் ரூட் மட்டும் சிறியதாகவே வைக்கப்பட்டது. பழக்கம் ஒரு காரணம். இன்னொன்று நியாயமான காரணம்: எழுதும் வேலை குறைவாக நடக்கும் சிறிய பகுதி, இயந்திரம் திடீரென விழும்போது கெட்டுப்போகும் வாய்ப்பும் குறைவு. விளைவு என்ன? ரூட் நிரம்புவது நிர்வாகிகளின் அன்றாடத் தொல்லையாகவே தொடர்ந்தது.

பெர்க்லியில் மார்ஷல் மெக்கியூசிக், பில் ஜாய், சாமுவேல் லெஃப்ளர், ராபர்ட் ஃபேப்ரி ஆகிய நால்வரும் புதிய கோப்பு முறை ஒன்றை உருவாக்கி, 1984-இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். பழைய கோப்பு முறை புதிதாக இருக்கும்போது நொடிக்கு 175 கிலோபைட் வரை படித்தது. சில வாரப் பயன்பாட்டுக்குப் பிறகு 30 ஆகக் குறைந்துவிட்டது என்று அவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். காரணம், ஒரு கோப்பின் துண்டுகள் வட்டெங்கும் சிதறிப்போவதுதான். துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டுமானால் காலி இடம் கொஞ்சம் கையில் இருக்க வேண்டும். நிறைந்து வழியும் பேருந்தில் ஒரு குடும்பத்தை ஒன்றாக உட்காரவைக்க முடியுமா? அதனால் அவர்கள் ஒரு விதி வைத்தார்கள்: வட்டில் 10 விழுக்காட்டை ஒதுக்கிவை. காலி இடம் அந்த அளவுக்குக் கீழே போனால், சாதாரணப் பயனர் எழுத முடியாது; நிர்வாகி மட்டும் எழுதலாம்.

இதனால்தான் பெர்க்லி வழிவந்த இயந்திரங்களில் ‘டிஎஃப்’ சில நேரம் 100-ஐத் தாண்டி, 105 விழுக்காடு என்றெல்லாம் காட்டும். கணக்குப் பிழை அல்ல. ஒதுக்கீட்டைக் கழித்த மீதியைத்தான் அது நூறு என்று வைத்துக்கொள்கிறது. நிர்வாகி ஒதுக்கீட்டுக்குள் கை வைத்தால் நூறைத் தாண்டும். கணித ஆசிரியர்களுக்கு நல்ல கேள்வி இது!

லினக்ஸில் 1993-இல் வந்த இஎக்ஸ்டி2 கோப்பு முறையும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் 5 விழுக்காடு. அதன் வாரிசான இஎக்ஸ்டி4 வரைக்கும் அதுதான் இயல்பான அளவு. அன்று மாலை மாணவர்கள் ஒரு வரிகூடச் சேமிக்க முடியாதபோது, நான் மட்டும் நிர்வாகியாக உள்ளே போய் வேலை செய்ய முடிந்தது இந்த 5 விழுக்காட்டின் புண்ணியத்தில்தான். அதே நேரம், வெறும் தரவு மட்டும் வைத்திருக்கும் 1 டெராபைட் வட்டில் இது 50 ஜிபியை விழுங்கிவிடும். அங்கே குறைத்துக்கொள்ளலாம், ‘டியூன்2எஃப்எஸ்’ என்ற கட்டளை உண்டு. ரூட் பகுதியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

1980களின் பிற்பகுதியில் சன் நிறுவனம் இன்னொரு பிரிவினையைக் கொண்டுவந்தது. சொந்த வட்டே இல்லாத பல இயந்திரங்கள், வலையமைப்பு வழியாக ஒரே ‘யூஎஸ்ஆர்’ பகுதியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அவர்களுடையது. பலர் பகிரும் இடத்தில் யாரும் எழுதக் கூடாது. ஆனால் பதிவுக் கோப்புகள், அஞ்சல், அச்சுக்குக் காத்திருப்பவை எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுமே? அவற்றைத் தனியே ‘வார்’ என்ற அடைவுக்கு மாற்றினார்கள்; ‘வேரியபிள்’, மாறக்கூடியது என்று பொருள். வளரும் குணம் உள்ளவை எல்லாம் ஒரே வீட்டில் சேர்ந்தன. அதனால்தான் இன்று ரூட் நிரம்பினால் நிர்வாகிகள் முதலில் ‘வார்’ பக்கம் போகிறார்கள். சிறிய இயந்திரங்களில் ‘வார்’ தனிப் பகுதியாக இருப்பதில்லை, ரூட்டோடு சேர்ந்தே கிடக்கும். எங்கள் சர்வரும் அப்படித்தான். லினக்ஸ் உலகம் 1993 ஆகஸ்டில் இந்த அடைவுகளுக்கு ஒரு பொது ஒழுங்கு செய்யப் புறப்பட்டு, 1994 பிப்ரவரி 14-இல் முதல் வரைவுத் தரத்தை வெளியிட்டது. யார் யார் எந்த அறையில் என்று எழுத்தில் வந்தது அப்போதுதான்.

சரி, 20 ஜிபி கோப்பை அழித்தும் இடம் ஏன் திரும்பவில்லை? இதற்கும் தாம்சன் காலத்துக்கே போக வேண்டும்.

யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்பைப் பற்றிய விவரம், அதாவது அளவு, உரிமையாளர், வட்டில் எங்கெங்கே இருக்கிறது என்பதெல்லாம் ‘ஐநோடு’ என்ற ஒரு பதிவில் இருக்கும். அடைவு என்பது பெயர்களையும் ஐநோடு எண்களையும் எழுதிவைத்த வருகைப் பதிவேடு மாதிரி. ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள்கூட இருக்கலாம். ஆகவே ‘அழி’ என்று நாம் சொல்லும்போது நடப்பது என்ன? பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை அடிப்பது மட்டும்தான். அந்தச் செயலுக்கு யூனிக்ஸ் வைத்த பெயரும் ‘அன்லிங்க்’, இணைப்பை அவிழ்ப்பது. கடைசிப் பெயரும் போய், அதோடு அந்தக் கோப்பைத் திறந்துவைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடினால்தான் இடம் திரும்பும். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டோம். பையன் இன்னும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அப்படி நினைத்துப் பாருங்கள்.

இது குறையல்ல, வேண்டுமென்றே வைத்த வசதி. ஒரு நிரல் தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு பெயரை அழித்துவிடும். நிரல் எப்படிச் செத்தாலும் குப்பை மிஞ்சாது. நல்ல தந்திரம். ஆனால் எங்கள் சர்வரில் சாதாரணப் பயனர் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வலைச் செயலி அந்தப் பதிவுக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தது. பெயர் இல்லாத 20 ஜிபி கோப்பு, யார் கண்ணுக்கும் தெரியாமல்.

இதைக் காட்டிக்கொடுப்பது இரண்டு கட்டளைகளின் முரண்பாடு. ‘டிஎஃப்’ கோப்பு முறையிடமே ‘எவ்வளவு இடம் போயிற்று’ என்று கேட்கும். ‘டியூ’ அடைவு அடைவாக நடந்து, பெயர் உள்ள கோப்புகளை மட்டும் கூட்டும். ‘டிஎஃப்’ சொன்னதைவிட எங்கள் ‘டியூ’ கணக்கு 20 ஜிபிக்கு மேல் குறைவாக இருந்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பெயர் இழந்த கோப்பு எங்கோ திறந்து கிடக்கிறது என்று சந்தேகப்படலாம். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை அதைத் திறந்துவைத்திருக்கும் நிரலைச் சொல்லிவிடும். சொன்னது. அந்தச் செயலியை நிறுத்தித் திரும்பத் தொடங்கினோம். நூறு 58 ஆனது. மாணவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

உண்மையில் அந்தக் கோப்பை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்திருந்தால் இடம் உடனே திரும்பியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பதிவுக் கோப்பை எப்போதும் அப்படித்தான் கையாள வேண்டும். ஆனால் காலி செய்வதற்கு முன் கடைசிச் சில நூறு வரிகளை வேறிடத்தில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஏன் 20 ஜிபி வளர்ந்தது என்பதற்கான விடை அதற்குள்தான் இருக்கும். நாங்கள் எடுத்துவைக்கவில்லை, செயலி மறுபடியும் அதே பிழையை எழுதத் தொடங்கியதால் ஒருவழியாகக் கண்டுபிடித்தோம்.

‘டிஎஃப்’, ‘டியூ’ முரண்பாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது மவுண்ட் வரலாற்றின் பிள்ளை. ஓர் அடைவின் மேல் வேறு வட்டை இணைத்தால், அந்த அடைவில் முன்பே இருந்தவை மறைந்துவிடும், அழியாது. காப்புப் பிரதி எடுக்கும் வெளி வட்டு ஒரு நாள் இணையாமல் போய்விட்டது என்று வையுங்கள். காப்புப் பிரதி நிரலுக்கு அது தெரியாது. வெறும் அடைவுக்குள், அதாவது ரூட் பகுதியிலேயே எழுதிவிடும். மறுநாள் வட்டு சரியாக இணைந்ததும் அந்தப் பல ஜிபி அடியில் புதைந்துவிடும். வட்டின் இணைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ‘டியூ’ ஓட்டும்போது ‘எக்ஸ்’ என்ற குறியைச் சேர்த்தால் அது மற்ற வட்டுகளுக்குள் நுழையாமல் ரூட் பகுதியோடு நின்றுகொள்ளும். தேடல் பாதியாகக் குறையும்.

வட்டில் இடம் இருந்தும் ‘இடம் இல்லை’ என்று வருவதும் உண்டு. ஐநோடுகளின் எண்ணிக்கை பல கோப்பு முறைகளில் ஆரம்பத்திலேயே முடிவாகிவிடுகிறது. லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் பதிவேட்டின் வரிகள் தீர்ந்துவிடும், வகுப்பறையில் நாற்காலி காலியாக இருந்தாலும். ‘டிஎஃப்’ கட்டளையோடு ‘ஐ’ என்ற குறியைச் சேர்த்தால் தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பிழைச் செய்திதான். அந்தச் செய்தியின் எண் 28. 1975-ஆம் ஆண்டுக் கையேட்டிலும் அதே எண், அதே ஆங்கிலச் சொற்கள். எங்கள் மாணவர்கள் அன்று பார்த்த வரி அவர்களின் பெற்றோரில் பலரைவிட வயதில் மூத்தது.

‘பின்’ இரண்டாகப் பிரிந்த கதை எப்படி முடிந்தது? வட்டுகள் பெரிதாகிவிட்டன. இயந்திரம் எழுவதற்கு வேண்டியவற்றை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும் ஒரு சிறு தொகுப்பு லினக்ஸில் வந்துவிட்டது. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டும் பயம் போயிற்று. பிரித்துவைக்கக் காரணமே இல்லை. சொலாரிஸ் இதை முன்பே செய்தது. 2012 மே மாதம் வந்த ஃபெடோரா 17, ரூட்டில் இருந்த ‘பின்’, ‘லிப்’ முதலியவற்றை ‘யூஎஸ்ஆர்’ உள்ளேயே சேர்த்துவிட்டது. டெபியனில் நீண்ட விவாதங்களுக்குப் பிறகு 2023-இல் வந்த பதிப்பு 12-இல்தான் இது கட்டாயமானது. அதாவது, பக்கத்து அறையில் தற்காலிகமாக அடுக்கிய சாமான்கள் அங்கேயே தங்கிவிட்டன. பழைய அலமாரியைத்தான் எடுத்தார்கள்.

எடுத்தார்கள் என்றாலும் பெயரை எடுக்க முடியவில்லை. திங்கட்கிழமை இடுபணிகளை ஒப்படைத்த பிறகு அந்த மாணவன் வந்து, ரூட் அடைவின் பட்டியலைத் திரையில் காட்டினான். ‘பின்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அது ‘யூஎஸ்ஆர்’ உள்ளே இருக்கும் ‘பின்’ பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தது. “உள்ள ஒண்ணுமே இல்லையே டீச்சர், அப்புறம் எதுக்கு இந்தப் பெயர மட்டும் வெச்சிருக்காங்க?” என்றான். அவன் தன் இடுபணிக்கு எழுதியிருந்த ஷெல் நிரலைத் திறக்கச் சொல்லி, முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். அந்த நிரலை எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரி அது. ரூட்டில் உள்ள ‘பின்’ அடைவில் இருக்கும் ‘எஸ்எச்’ என்று அவனே எழுதியிருந்தான்.